அந்த வெளிச்ச மேஜையில் என்ன செய்தார்கள்?

தாராவியிலிருந்து கேட்டிருக்கும் தங்கச்சிக்கு. நீங்கள் எழுதியதைச் சுருக்கித் திரும்பச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். 12 நாளைக்கு முன்னால் உங்களுக்குச் சுகப்பிரசவத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அழவில்லை. சட்டென்று கொடியை வெட்டி, மேலே விளக்கு எரியும் ஒரு மேஜைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லோரும் உங்களுக்கு முதுகு காட்டி நின்றதால் என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை. அப்புறம் அழுகைச் சத்தம் கேட்டது, துணியில் சுற்றிக் கொண்டுவந்து உங்கள் நெஞ்சில் போட்டார்கள். குளிப்பாட்டவே இல்லை. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மா சேனை (பிறந்த பிள்ளையின் நாக்கில் தடவும் சர்க்கரைத் தண்ணீர் அல்லது தேன்) தொட்டு வைக்கப் போனபோது சிஸ்டர் சத்தம் போட்டு விரட்டிவிட்டார். டிஸ்சார்ஜ் கார்டில் 'அப்கார் 6, 9' என்று எழுதியிருக்கிறது. "செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்தார்களா?" என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கேட்பது அது இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. பிள்ளைக்கு மூச்சு வர நேரமாகிவிட்டதே, பின்னாளில் ஏதாவது வந்துவிடுமோ என்பதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது.

நான் மும்பையில் 28 வருஷம் லேபர் வார்டில் வேலை பார்த்த நர்ஸ். ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகிறது. டாக்டர் இல்லை, உங்கள் மகளைப் பார்த்ததும் இல்லை. ஆகவே அந்த மேஜையில் வழக்கமாக என்ன நடக்கும் என்பதை உறுதியாகச் சொல்வேன். உங்கள் மகளைப் பற்றிக் கார்டில் இருப்பதையும் நீங்கள் எழுதியதையும் வைத்துத்தான் சொல்ல முடியும். இரண்டையும் கலந்துவிடாமல் படியுங்கள்.

வயிற்றுக்குள் இருக்கும்வரை பிள்ளையின் நுரையீரலில் காற்று கிடையாது, நீர்தான். பிராணவாயு நஞ்சிலிருந்து (பிளசென்டா) தொப்புள்கொடி வழியாக வருகிறது. வெளியே வந்த சில நொடிகளில் அந்த நீர் விலகிக் காற்று நுழைய வேண்டும். அதுவரை நுரையீரலை ஒதுக்கிவிட்டு வேறு வழியில் போன ரத்தம் அதற்குள் பாய வேண்டும். பத்தில் எட்டு ஒன்பது பிள்ளைகள் யார் உதவியும் இல்லாமல் இதைச் செய்துவிடுகின்றன. மிச்சத்தில் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டாலே போதும். நூற்றுக்கு ஐந்து பிள்ளைகளுக்குப் பையும் மாஸ்க்கும் வைத்து மூச்சு கொடுக்க வேண்டியிருக்கும். நெஞ்சை அழுத்துவது, மருந்து போடுவது என்கிற நிலைக்குப் போவது மிக மிக அரிது. உங்கள் பிள்ளை முதல் கூட்டத்தில் இல்லை, அவ்வளவுதான்.

நீங்கள் பார்த்த மேஜைக்குப் பெயர் ரேடியண்ட் வார்மர். நாங்கள் வார்மர் என்று மட்டும் சொல்வோம். பிரசவம் நெருங்கும்போதே அதை ஆன் செய்து, இரண்டு துண்டுகளைச் சூடேற்றி வைத்துவிடுவோம். குழந்தை வந்ததும் முதல் துண்டால் தலை, முதுகு, கைகால் எல்லாம் துடைத்து, ஈரமான அந்தத் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டாவதில் சுற்ற வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகள் (நர்ஸ் பிள்ளைகளைச் சொல்கிறேன்) ஈரத் துண்டிலேயே சுற்றிவிடுவார்கள். அதற்காக நான் திட்டாத பேட்ச் கிடையாது. அடுத்து தோளுக்கடியில் சின்னதாக ஒரு துணிச் சுருள் வைத்து, கழுத்தை லேசாக நிமிர்த்துவோம். குனிந்திருந்தாலும் மூச்சுக்குழாய் அடைக்கும், அதிகமாக நிமிர்ந்தாலும் அடைக்கும். சளி அடைத்திருந்தால் மட்டும் உறிஞ்சுவோம், வாயில் முதலில், மூக்கில் பிறகு. மூக்கைத் தொட்டால் பிள்ளை வெடுக்கென்று மூச்சிழுக்கும். அப்போது வாயில் இருப்பது உள்ளே போய்விடும், அதனால் அந்த வரிசை. உள்ளங்காலை இரண்டு முறை சுண்டுவோம், முதுகைத் தேய்ப்போம். அதற்கும் அசையவில்லை என்றால் மாஸ்க்கை வாய்க்கும் மூக்குக்கும் சேர்த்து வைத்து, நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை பையை அழுத்துவோம். "அழுத்து, இரண்டு, மூன்று" என்று வாயால் எண்ணிக்கொண்டே செய்வோம். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்பதில்தான் கண் இருக்கும். இதையெல்லாம் தொடங்க எங்களுக்குக் கிடைக்கும் நேரம் பிறந்ததிலிருந்து ஒரு நிமிடம். அதைப் பொன்னான நிமிடம் என்பார்கள். 2009-இல் மத்திய அரசு தொடங்கிய நவ்ஜாத் சிசு சுரக்ஷா காரியக்ரம் பயிற்சியில் பொம்மையை வைத்து இதையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கை தானாகப் போகிற அளவுக்கு.

கொடியை உடனே வெட்டித் தூக்கிப் போனதற்கும் இதுதான் காரணம். நன்றாக அழும் பிள்ளை என்றால் ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் வரை கொடியைக் கிளாம்ப் செய்யாமல் காத்திருப்பதுதான் இப்போதைய முறை. நஞ்சிலிருக்கும் ரத்தத்தில் ஒரு பங்கு பிள்ளைக்குப் போய்ச் சேரும், அடுத்த சில மாதங்களுக்கு இரும்புச்சத்துக் கையிருப்பாக இருக்கும். மூச்சு விடாத பிள்ளைக்கு அப்படி நிற்க முடியாது, வார்மர்தான் முக்கியம். கொடியை வெட்டாமல் தாயின் பக்கத்திலேயே வைத்து மூச்சு கொடுக்கலாமா என்று ஆராய்ச்சிகள் நடக்கின்றன. அது இன்னும் தீர்ந்த விஷயம் இல்லை, நம் ஊர் லேபர் ரூமில் அதற்கான வசதியும் அநேகமாக இல்லை. ஆக உங்கள் சிஸ்டர் செய்தது சரி என்றே சொல்வேன். ஒன்றே ஒன்று குறை. "மூச்சுக்குக் கொஞ்சம் உதவி செய்கிறோம், பாருங்கள்" என்று தோளைத் திருப்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு நொடி வேலை. ஆள் பற்றாக்குறையில் நானும் பலமுறை அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

இன்னொன்று. அந்த வேளையில் தாய்க்கு நேரம் ஓடாது. பத்து நிமிடம் ஆகிவிட்டது என்று என்னிடம் சண்டை போட்ட அம்மாக்கள் உண்டு, சுவர்க் கடிகாரம் ஒன்றரை நிமிடம் காட்டும்.

சரி, அப்கார். 1952-இல் வர்ஜினியா அப்கார் என்ற அமெரிக்க மயக்க மருந்து டாக்டர் ஏற்படுத்திய கணக்கு இது. இதயத்துடிப்பு, மூச்சு, உடம்பின் விறைப்பு, தொட்டால் முகம் சுளிக்கிறதா, நிறம் என ஐந்துக்கும் தலா இரண்டு மார்க், மொத்தம் பத்து. பிறந்து ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, ஐந்தாவது நிமிடத்தில் ஒரு தடவை போடுவோம். கைகால் நுனி நீலமாக இருப்பது முதல் நாளில் சகஜம் என்பதால் பத்துக்குப் பத்து வாங்கும் பிள்ளைகள் குறைவு, ஒன்பதுதான் நல்ல பிள்ளையின் வழக்கமான மார்க். உங்கள் மகளின் 6 முதல் நிமிடத்துக்கு உரியது. பிறந்ததும் கொஞ்சம் உதவி வேண்டியிருந்தது என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்வதில்லை. ஐந்தாவது நிமிடத்தில் 9 வந்துவிட்டது. ஐந்து நிமிட மார்க் ஏழும் அதற்கு மேலும் இருந்தால் ஆறுதலான எண் என்றுதான் எடுத்துக்கொள்வோம். முதல் நிமிட மார்க்கை வைத்துப் பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்லக் கூடாது என்பதில் டாக்டர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

அதைவிடப் பெரிய சாட்சி ஒன்றை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முலை பிடித்தாள், மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிராணவாயு குறைந்து மூளை பாதித்த பிள்ளை முதல் இரண்டு மூன்று நாளிலேயே காட்டிக்கொடுத்துவிடும். பால் உறிஞ்சாது, துவண்டு கிடக்கும், எழுப்பினாலும் எழாது, வலிப்பு வரும். அப்படி எதுவும் இல்லாமல் பசிக்கு அழுது பால் குடித்த பிள்ளைக்கு அந்த ஒரு நிமிடத்தால் பாதிப்பு வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அறவே இல்லை என்று என் வாயால் சொல்ல மாட்டேன், அதைச் சொல்ல வேண்டியவர் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர்.

குளிப்பாட்டாததைப் பற்றி எழுதினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. நான் பயிற்சியில் இருந்த இடத்தில் (பெயர் வேண்டாம்) பிறந்த அரை மணியில் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாகக் குளிப்பாட்டுவோம். சுத்தம் என்று சொல்லிக்கொடுத்தார்கள், நாங்களும் பெருமையாகச் செய்தோம். ஒரு டிசம்பர் ராத்திரி நான் குளிப்பாட்டிய பிள்ளை சத்தமே போடாமல் படுத்திருந்தது. சமர்த்துப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். சீனியர் சிஸ்டர் வந்து காலைத் தொட்டுப் பார்த்தார், ஐஸ். பால் கொடுத்தால் உறிஞ்சவில்லை. அவர் என்னைத் திட்டக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல் பிள்ளையின் துணியை அவிழ்த்து, தாயின் நைட்டிக்குள் நெஞ்சோடு நெஞ்சாக வைத்து, மேலே இரண்டு கம்பளி போர்த்தினார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று அது முலையைத் தேட. பிழைத்துக்கொண்டது. சத்தம் போடாத பிள்ளையைச் சமர்த்து என்று நான் அதற்குப் பிறகு சொன்னதில்லை.

நமக்குக் குளிரடித்தால் உடம்பு நடுங்கிச் சூடு பண்ணும். பிறந்த பிள்ளைக்கு அப்படி நடுங்கத் தெரியாது. தோள்பட்டை, கழுத்துப் பக்கம் இருக்கும் ஒருவகைக் கொழுப்பை எரித்துத்தான் சூடேற வேண்டும், அதற்குப் பிராணவாயுவும் சர்க்கரையும் செலவாகும். 37 டிகிரி வயிற்றுக்குள்ளிருந்து ஈரத்தோடு ஏசி அறைக்கு வருகிறது என்றால் யோசித்துப் பாருங்கள். அதனால்தான் பிரசவ நேரத்தில் ஏசியையும் ஃபேனையும் நிறுத்தச் சொல்லி நாங்கள் கத்துவது. அறை 25 டிகிரிக்குக் குறையக் கூடாது. மே மாத மும்பையில் டாக்டருக்கு வியர்த்து ஊற்றும், ஊற்றட்டும். மேலே மாவு பூசியது போல ஒட்டியிருந்ததே, உங்கள் அம்மா அழுக்கு என்று சொன்னது, அது தோலைக் காப்பாற்றும் படலம். அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம். குறைந்தது 24 மணி நேரம் கழித்துக் குளிப்பாட்டினால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், எடை குறைந்த பிள்ளைக்கு இன்னும் தள்ளிப்போட வேண்டும். இப்போதும் வீட்டில் உங்கள் புறங்கையால் பிள்ளையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடாகப் பாதம் மட்டும் சில்லென்று இருந்தால் குளிர் தாக்குகிறது, நெஞ்சோடு சேர்த்து வையுங்கள். இரண்டுமே சில்லென்றால் நெஞ்சோடு அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

நாங்கள் கற்று, பிறகு கைவிட்டவை இன்னும் உண்டு. பிறந்ததும் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு அடிப்பது. எல்லாப் பிள்ளைக்கும் தொண்டைவரை குழாய் விட்டு உறிஞ்சுவது. குழாய் தொண்டையில் ஆழமாகப் பட்டால் இதயத்துடிப்பே குறைந்துவிடும். மூச்சு வராத நிறைமாதப் பிள்ளைக்கு நூறு சதவீத ஆக்சிஜன் வைப்பது இன்னொன்று. இப்போது சாதாரணக் காற்றிலேயே தொடங்குகிறோம். அந்த மாற்றத்துக்கு வழிவிட்ட ஆரம்ப ஆராய்ச்சிகளில் ஒன்று டெல்லியில் செய்யப்பட்டு 1993-இல் வெளிவந்தது. நல்ல பிள்ளைக்கும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 85 சதவீதத்துக்கு மேல் ஏற ஐந்து முதல் பத்து நிமிடம் பிடிக்கும். முன்பு அது தெரியாமல், நீலமாக இருக்கிறதே என்று அவசரப்பட்டு ஆக்சிஜனைத் திறந்தோம். 28 வருஷத்தில் நான் கற்றதில் பாதி, எப்போது கையை எடுக்க வேண்டும் என்பதுதான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது அசட்டையாகத் தெரியும்.

சேனைக்கு வருவோம். யார் சேனை வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. உங்கள் அம்மா அதற்காகத்தான் ரயிலேறி வந்திருப்பார். மனசு நோகும்படி விரட்டியது தப்பு. ஆனால் தடுத்தது சரி. சர்க்கரைத் தண்ணீரில் தண்ணீரும் விரலும் கிருமி கொண்டுவரும், இனிப்பு உள்ளே போனதும் பிள்ளை முலையைத் தேடாது. தேன் என்றால் இன்னும் ஆபத்து. அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமி பிள்ளையின் குடலில் வளர்ந்து நஞ்சாகி உடம்பைத் துவள வைக்கும், ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. கழுதைப்பால், வசம்பு, விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். முதல் நாள் பிள்ளையின் வயிறு கொள்வது ஒருவேளைக்கு ஒன்றிரண்டு ஸ்பூன்தான், உங்களுக்கு ஊறும் சீம்பாலும் அவ்வளவுதான். கணக்குச் சரியாக இருக்கிறது. அந்தப் பாலின் அருமை உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்திலேயே தெரியும். சயான் ஆஸ்பத்திரியில் 1989-இல் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார், குறைமாதப் பிள்ளைகளுக்காக. என் வார்டில் பாட்டிமார் பிடிவாதமாக நின்றால் நான் ஒரு வழி செய்வேன். சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வைத்து, தாயின் சீம்பாலிலேயே ஒரு சொட்டை விரலில் எடுத்துப் பிள்ளையின் உதட்டில் வைக்கச் சொல்வேன். பாட்டிக்குச் சேனை ஆயிற்று, பிள்ளைக்குப் பால் ஆயிற்று. எந்தப் புத்தகத்திலும் இல்லை, என் கைவைத்தியம்.

தொப்புள் விழுந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. 12 நாளில் அநேகமாக விழுந்திருக்கும், சில பிள்ளைக்கு இரண்டு வாரம் தாண்டும். மஞ்சள், சாம்பல், பவுடர், எண்ணெய் எதுவும் அதன் மேல் வைக்காதீர்கள், காய்ந்தபடி விட்டுவிடுங்கள். துருப்பிடித்த பிளேடும் சாணமும் கொடியில் பட்டு ரணஜன்னி (டெட்டனஸ்) வந்து பிள்ளைகள் செத்த நாடு இது. கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டு, பிரசவத்தைச் சுத்தமாக்கித்தான் 2015-இல் அதை ஒழித்தோம் என்று சொல்ல முடிந்தது. உங்கள் வீட்டுக்கு மாலிஷ்வாலி வருகிறார் என்றால் எண்ணெய் தேய்ப்பதோடு நிற்கட்டும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, ஊதிச் சளி எடுப்பது, தலையை அமுக்கி உருட்டுவது வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகும்.

அந்த மேஜையில் உங்கள் கண்ணில் படாமல் நடந்திருக்க வேண்டிய இன்னொரு காரியம் தொடையில் போடும் வைட்டமின் கே ஊசி, ஒரு மில்லிகிராம். ரத்தம் உறைய அது தேவை. தாயிடமிருந்து பிள்ளைக்கு மிகக் குறைவாகத்தான் வருகிறது, தாய்ப்பாலிலும் சொற்பம். போடாவிட்டால் சில பிள்ளைகளுக்கு வாரக்கணக்கு கழித்துக்கூடத் திடீரென்று மூளைக்குள் ரத்தம் கசியும். கார்டில் அந்த வரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கூடவே பிசிஜி, போலியோ சொட்டு, ஹெபடைட்டிஸ் பி மூன்றும் போட்டதாகத் தேதி இருக்க வேண்டும். எது இல்லாவிட்டாலும் தடுப்பூசி நாளுக்காகக் காத்திருக்காமல் போய்க் கேளுங்கள். மற்றபடி கையில் டேக் கட்டுவதும், காலில் மை தடவிக் கேஸ் பேப்பரில் பதிப்பதும் அந்த மேஜையில்தான். பிள்ளையைத் தூக்கிக் காட்டி "க்யா ஹுவா, போலோ" என்று உங்களைச் சொல்ல வைத்திருப்பார்களே, அது விளையாட்டு இல்லை. பெண்ணா பையனா என்று தாயின் வாயாலேயே வர வேண்டும், பின்னால் பிள்ளை மாறியது என்ற பேச்சுக்கு இடமில்லாமல்.

இனி என்ன பார்க்க வேண்டும். பால் குடிப்பதை நிறுத்துவது, படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்குவது, நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பக்கம் உள்ளே இழுப்பது, காய்ச்சல், உடம்பு சில்லிடுவது, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாவது, தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வருவது. இதில் ஒன்று இருந்தாலும், ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்புங்கள், இங்கே வந்து கேள்வி போட்டுக்கொண்டிருக்காதீர்கள். ஒன்றும் இல்லை என்றால் இரண்டாவது வாரம் முடியும்போது எடை போட்டுப் பாருங்கள். முதல் சில நாளில் குறைந்த எடை அதற்குள் திரும்ப ஏறியிருக்க வேண்டும்.

ஆறாவது வாரம் தடுப்பூசிக்குப் போகும்போது டாக்டரிடம் "பிறந்ததும் அழவில்லை, அப்கார் 6, 9" என்று நீங்களாகவே சொல்லுங்கள். மூச்சு கொடுத்தார்களா, வெறுமனே தட்டி எழுப்பினார்களா என்று கேஸ் பேப்பரில் இருக்கும், பிரசவம் பார்த்த இடத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போவது நல்லது. கிட்டத்தட்ட அந்தச் சமயத்தில்தான், முன்னே பின்னே ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், பிள்ளைகள் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும். உங்கள் மகள் சிரித்தாளா, அழும்போது உங்கள் குரல் கேட்டு அமைதியாகிறாளா என்பதையும் சொல்லுங்கள். டாக்டர் அந்த 6-ஐவிட இதைத்தான் கவனமாகக் கேட்டுக்கொள்வார்.